ஓலையில் ஒரு ‘நாம்’

வேங்கைநாட்டுத் தூதர் வெண்காடர், மன்னரைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன். வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு செவ்வந்தி அம்மைக்கோ அவரைவிடப் பத்து வயது குறைவு. அம்மையின் குடில் எல்லைக் கணவாயில் இருந்தது. தூது போகும்போதெல்லாம் அங்கே ஒருவேளை சாப்பிட்டு, ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம்.

அன்று உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

கடலோரக் கழிநாட்டில் விஷக்காய்ச்சல். அதைத் தணிக்கும் வேர் வேங்கைநாட்டு மலையில் மட்டும்தான் விளைகிறது. கழிநாடு ஒரு தீவை விட்டுக்கொடுக்கும்வரை வேர்வண்டிகள் கணவாயைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார் மன்னர். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதுதான்.

கழிநாட்டுக்குக் கொண்டுபோகும் ஓலையை வெண்காடர் வாசித்துக் காட்டினார்.

“தீவு பற்றிப் பேசி முடியும்வரை, இரு நாட்டு நட்பையும் மனத்தில் கொண்டு, நாம் பொறுத்திருப்போம்.”

“எழுதியது யார்?”

“அடியேன்தான். ஒரு கடுஞ்சொல் கிடையாது, பாருங்கள்.” சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆனாலும் மனசு கேட்கவில்லை, அம்மையே. தூதன் அடுத்தவர் சொல்லைச் சுமப்பவன். அந்தப் பாவம் அவனையும் சேருமா?”

அம்மை ஒரே ஓர் இலையைப் போட்டார். சோற்றை வைத்து, கீரைக்குழம்பை ஊற்றி, தாமே நிதானமாகச் சாப்பிட்டார். இலையை மடித்துப் போட்டுக் கை கழுவினார்.

“நாம் சாப்பிட்டாயிற்று. இனிப் பேசலாம்.”

வெண்காடர் விழித்தார். “நான் இன்னும் சாப்பிடவில்லையே!”

“நாம் என்றுதானே சொன்னேன்?”

“அது உங்களை மட்டும் சொன்னது.”

“பசித்தவருக்கு இலக்கணம் எவ்வளவு சீக்கிரம் விளங்குகிறது!”

தூதரின் முகம் கறுத்தது. “மன்னர்கள் தம்மை ‘நாம்’ என்பது மரபு, அம்மையே.”

“கழிநாட்டார் அதை எப்படிப் படிப்பார்கள்?”

“இரு நாடும் சேர்ந்து பொறுப்பதாக.” ஓலையைக் கீழே வைத்தார். “அப்படிப் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.”

“உம் மன்னருக்குக் காய்ச்சலா?”

“இல்லை.”

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. எழுத்தாணியைத் தேடி எடுத்தார்.

“முத்திரை என்னிடம்தான் இருக்கிறது. ‘நீங்கள் பொறுத்திருங்கள்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். தலை போனால் போகட்டும்.”

“எழுதினால் அங்கே ஒரு குழந்தைக்காவது காய்ச்சல் இறங்குமா?”

எழுத்தாணி ஓலைமேல் நின்றது. “பிறகு நான் என்னதான் செய்வது?”

அம்மை அடுப்பருகே மூடிவைத்திருந்த சட்டியை எடுத்துவந்து அவர் முன் வைத்தார்.

“முதலில் சாப்பிடும். ‘நாம்’ அப்படியே இருக்கட்டும். ஓலையைக் கொடுத்துவிட்டு, மன்னரைத் தூக்கி வளர்த்த நீரும் வேர்வண்டி வந்து சேரும்வரை காய்ச்சல்காரர்களோடு அங்கேயே இரும்.”