அமுதினிக்குக் காலேஜ் பார்த்த கதை

கோணமங்கலம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் ஊர் எல்லையில் பெயர்ப்பலகை இருந்தது. பாவம், மழையில் நனைகிறதே என்று இரக்கப்பட்டு அதைப் பிடுங்கிப் பஞ்சாயத்து ஆபீசுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவ்வளவு நல்ல மனசு அந்த ஊருக்கு.

அந்த ஊரில் நல்லசாமியின் மகள் அமுதினி பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்தாள். நல்ல மார்க். ஊரே கொஞ்சம் பயந்துபோனது.

பள்ளிக்கூடத்திலிருந்து ரெஜினா டீச்சர் நல்லசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்லசாமி தனியாக எங்கும் போகிறவர் இல்லை. அண்ணன் சிங்காரவேலுவையும் மனைவியின் தம்பி ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூளைக்கு மூன்று மூளை இருக்கட்டுமே என்பது அவர் கணக்கு. கணக்கில் அவர் எப்போதுமே வீக்.

"அமுதினிக்கு மூணு வழி இருக்குங்க," என்றார் டீச்சர். "ஒண்ணு, டவுன் காலேஜ்ல சேர்ந்து மூணு வருஷம் படிக்கலாம். ரெண்டு, பைபாஸ்ல ஒரு பம்பு கம்பெனி இருக்கு. அங்க அப்ரண்டிசா வேலை பழகிக்கிட்டே டிகிரியும் வாங்கலாம், சம்பளமும் தருவாங்க. மூணு, எதுலயும் சேராம ஒரு வருஷம் இடைவெளி விட்டு நிதானமா யோசிக்கலாம். கம்பெனியில அவளுக்கு ஓர் இடம் வச்சிருக்காங்க. ஆனா அப்பா கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். விட்டா வேற ஆளுக்குப் போயிடும்."

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "எதுன்னாலும் நேர்ல போய்ப் பாருங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தா எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படித் தீர விசாரிச்சுப் பாருங்க," என்று சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மூன்று பேர் முகமும் மலர்ந்தது. டீச்சர் சொன்னதிலேயே அவர்களுக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அவர்கள் எங்கும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தானே முதலில் வர வேண்டும்? அதுதானே முறை? வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். அமுதினிக்குப் பட்டுப்புடவை கட்டி உள்ளறையில் உட்கார வைத்தார்கள்.

"அப்பா, காலேஜ் எப்படிப்பா நம்ம வீட்டுக்கு வரும்?" என்றாள் அமுதினி.

"வரும்மா. நல்ல நேரம் பார்த்துத்தான் கிளம்புவாங்க."

நல்ல நேரமும் போனது, ராகு காலமும் போனது. பஜ்ஜி ஆறியது. காலேஜ் வரவில்லை.

"வராததும் நல்லதுக்குத்தான் மச்சான்," என்றார் ஏகாம்பரம், ஆறின பஜ்ஜியை எடுத்துக்கொண்டே. "வந்திருந்தா எங்க உட்கார வைப்போம்? வீட்டுல இருக்கிறதே நாலு நாற்காலி."

ஆக, மாப்பிள்ளை வீடு பார்க்க இவர்களே கிளம்பினார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு முதலில் டவுன் காலேஜுக்குப் போனார்கள். வாசல் சுவரில் அடிக்கல் பதித்திருந்தது. ஏகாம்பரம் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, விரலை மடக்கி எண்ணினார்.

"மச்சான், மாப்பிள்ளைக்கு எழுபது வயசு ஆகுது."

"பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கானுங்க பாரு," என்றார் சிங்காரவேலு.

உள்ளே ஆபீசில் ஒரு கிளார்க் அட்மிஷன் ஃபீஸ், லேப் ஃபீஸ், ஹாஸ்டல் டெபாசிட், கட்டட நிதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூன்று பேரும் நாற்காலியை விட்டு மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்கள்.

"என்ன அழகா கேக்கிறாங்க பாருடா!" என்று தம்பி காதில் சொன்னார் சிங்காரவேலு. "வாய் கூசுதா பாரு? பெரிய இடம்டா. வயசு கிடக்குது, விடு."

கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். ஆனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டுமே. எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள்.

"அண்ணே, இந்தக் காலேஜ் குணம் எப்படி?"

"நல்ல காலேஜுங்க. வருஷத்துக்கு ஆயிரம் பேர் சேர்றாங்க."

சிங்காரவேலு டீயைக் கீழே வைத்துவிட்டார். "ஆயிரம் பேரா?"

"ஆமா. மூணு வருஷத்துல அவங்களை அனுப்பிட்டு, புதுசா ஆயிரம் பேரைச் சேர்த்துக்குவாங்க."

"அனுப்பினவங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்க மாட்டாங்களா?"

"எதுக்குங்க கூப்பிடணும்? கையில பட்டத்தைக் கொடுத்து அனுப்பிட்டா முடிஞ்சுது. அதுக்கு விழாவே எடுப்பாங்களே!"

ஊர் திரும்பும் பஸ்ஸில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"கூட்டிட்டு வந்ததுல ஒருத்தியைக்கூட வச்சு வாழல மச்சான்," என்றார் ஏகாம்பரம். "எல்லாருக்கும் ஒரு காகிதம். அத்து விட்டாச்சு."

"அதுக்கு விழா வேற," என்றார் சிங்காரவேலு. "கல்நெஞ்சக்காரன்."

அடுத்தது பம்பு கம்பெனி. மேனேஜர் தங்கமான மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். "பொண்ணுக்கு முதல் மாசத்துலேர்ந்தே சம்பளம். மதியச் சாப்பாடு, கம்பெனி பஸ், சீருடை எல்லாம் உண்டு. டிகிரி செலவும் எங்களோடது," என்றார்.

"சரிங்க. நாங்க என்ன செய்யணும்?" என்றார் நல்லசாமி.

"நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

"சும்மா கேளுங்க. ஒரு கட்டில், பீரோ?"

"எதுக்குங்க பீரோ? ஒண்ணும் வேண்டாம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிச்ச மோரை யாரும் குடிக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாங்கிறான்னா," என்று வெளியே வந்ததும் ஆரம்பித்தார் சிங்காரவேலு, "வெளிய சொல்ல முடியாத குறை ஏதோ இருக்கு."

"இதுல பொண்ணைப் படிக்க வேற வைக்கிறானாம்," என்றார் ஏகாம்பரம். "எந்த ஊர்லயாவது மாப்பிள்ளை வீட்டுல படிக்க வைப்பாங்களா? சூது மச்சான், சூது."

"உள்ள ஒரே சத்தம் கேட்டுச்சே, கவனிச்சீங்களா?" என்றார் நல்லசாமி. "கோபக்கார மாப்பிள்ளை."

பாக்கி இருந்தது ஒரு வருஷ இடைவெளி. அதற்கு வீடு வாசல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, பக்கத்துத் தெரு பூபாலன் பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து இடைவெளியில்தான் இருந்தான். ஒரு வருஷம் என்று ஆரம்பித்தது; எந்த வருஷம் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். மரியாதைக்குக் கண்ணை மட்டும் திறந்தான்.

"இடைவெளி எப்படி தம்பி?" என்றார் நல்லசாமி.

"சொக்கத் தங்கம் மாமா."

"குடி, சீட்டு?"

"ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அது பாட்டுக்கு இருக்கும்."

"கை நீட்டுமா?"

"மாமா, அது என்னை இதுவரைக்கும் எழுப்பினதுகூட இல்ல."

மூன்று பேருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. தாம்பாளத்தைக் கட்டிலில் வைக்கப் போனபோது ஏகாம்பரம் தடுத்தார்.

"மச்சான், வயசு கேக்கலையே. ஒரு வருஷ இடைவெளின்னாங்க. அப்ப வயசு ஒண்ணுதானே?"

"அட ஆமாடா! ஒரு வயசுக் குழந்தைக்குக் கட்டி வச்சா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுமே!"

"பிடிக்கக்கூட முடியாது," என்றார் சிங்காரவேலு யோசனையாக. "அது இன்னும் பிறக்கவே இல்லை. ஜூன் மாசம்தான் பிறக்குது."

தாம்பாளம் வீட்டுக்கே திரும்பியது.

வெள்ளிக்கிழமை மதியம் கூடிப் பேசினார்கள். ஒன்று கிழடு, ஒன்று பச்சைக்குழந்தை, ஒன்று எதுவும் வாங்காத சந்தேக கேஸ். "மூணும் தட்டிப்போச்சு. தை பிறந்ததும் நாலாவது இடம் பார்ப்போம்," என்று சிங்காரவேலு தீர்ப்புச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அமுதினி எழுந்து வந்தாள்.

"அப்பா, மணி நாலாகுது. எனக்குக் கம்பெனிதான் பிடிச்சிருக்கு. கையெழுத்துப் போடுப்பா."

நல்லசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிடிச்சிருக்கா? நீ எப்பம்மா அதைப் பார்த்தே?"

"ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. மொத்த கிளாசும் போனோம்."

"அத்தனை பேர் முன்னாடியா!" என்றார் ஏகாம்பரம்.

"நேத்துகூட மேனேஜர் போன் பண்ணினாரு. உனக்காகத்தான் இடத்தை வச்சுக்கிட்டுக் காத்திருக்கோம்னு சொன்னாரு."

சிங்காரவேலு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போன்ல பேசுற அளவுக்குப் போயிடுச்சாடா? காத்திருக்கானாமே! தம்பி, இனி யோசிக்க நேரமில்லை. ஊர் வாயில விழறதுக்குள்ள சட்டுனு முடிச்சு வச்சிடணும்."

"ஏம்மா, இத்தனை நாள் நாங்க அலைஞ்சோமே, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் நல்லசாமி.

"நீங்க யாரும் கேக்கலையேப்பா."

"இதெல்லாம் போய்ப் பொண்ணுகிட்ட யாரும்மா கேப்பாங்க?"

ஏகாம்பரத்தின் மொபெட்டில் நான்கு பேரும் தொற்றிக்கொண்டு பறந்தார்கள். அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நல்லசாமி கையெழுத்துப் போட்டார். போடுகிற நேரத்தில் ஏகாம்பரம் வாயாலேயே கெட்டிமேளம் வாசித்தார். சிங்காரவேலு மடியில் முடிந்து கொண்டுவந்த அட்சதையை மேனேஜர் தலையில் தூவினார். மேனேஜர் மஞ்சள் அரிசியைத் தட்டிவிட்டு, "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடும்மா," என்றார்.

அமுதினி வேலைக்குப் போனாள், படித்தாள், லேத்து மெஷினில் கை பழகினாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். கம்பெனி கேட்டில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வாட்ச்மேன் விசில் ஊத ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சீருடையும் கையெல்லாம் ஆயிலுமாக அமுதினியும் வந்தாள்.

ஒருவர் கட்டடத்தின் ஒரு மூலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் மறுமுனையோடு காம்பவுண்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூன்றாவது ஆள் புகைபோக்கியின் இரும்பு ஏணியில் பாதி தூரம் ஏறி, அதைச் சுற்றி நூல் போட முயன்றுகொண்டிருந்தார்.

"யாருய்யா நீங்க? என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினார் வாட்ச்மேன்.

"தலைதீபாவளிங்க," என்றார் நல்லசாமி, கயிற்றை விடாமல். "மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்கணும். இடுப்புச் சுற்றளவு பாக்கிறோம். மோதிர அளவும் எடுத்துட்டா கிளம்பிடுவோம்."

மேலேயிருந்து ஏகாம்பரம் குரல் கொடுத்தார். "மச்சான்! இவருக்கு இருக்கிறதே ஒரே விரல்தான்! அதுவும் அனலாக் கொதிக்குது! மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்போல!"

வாட்ச்மேன் கூட்டத்தைப் பார்த்தார். "இவங்க யாருக்காவது சொந்தமா?"

அமுதினி மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். "இந்த ஜில்லாவுலயே பார்த்ததில்லைங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லசாமி அவர் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திச் சமாதானம் சொன்னார்:

"விடுண்ணே. புருஷன் பார்த்துக்கிட்டு நிக்கும்போது அவ நம்மகிட்ட எப்படிப் பேசுவா?"