மாடத்தி பிடி

ஆற்றங்கரை வைத்திய மடத்து வாசலில் உளிச் சத்தம் கேட்டது. குரு பூதலிங்கம் மருந்து அரைத்த கையோடு வெளியே வந்தார்.

"என்னப்பா இது, காலங்காத்தாலே?"

கையில் உளியோடு கல்லின் முன் உட்கார்ந்திருந்த சீடன் கூத்தனுக்கு நாற்பது வயசு. அன்றைக்கு மட்டும் அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"சாமி, மாசக்கணக்கில் கிடப்பவர்களுக்குக்கூட நம் மடத்தில் படுக்கைப்புண் வருவதில்லை. அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர் பேரைக் கல்லில் வெட்டி வாசலில் நடச் சொல்லிவிட்டார் ராஜா. சாயங்காலம் அவரே வருகிறார். உங்கள் பேரில் முதலெழுத்து வெட்டியாச்சு!"

குரு கல்லைப் பார்த்தார். அவனை உள்ளே கூட்டிப் போனார். பக்கவாதத்தில் கிடந்த கிழவரைக் காட்டினார்.

"திருப்பிப் படுக்க வை."

கூத்தனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா! ஒரு கையைத் தோளுக்கடியில் கொடுத்தான், மறு கையை இடுப்புக்கடியில் கொடுத்தான்.

"மாடத்தி பிடி, வலிக்காது" என்றான். அந்த மடத்தில் யாரைத் திருப்பினாலும் அப்படிச் சொல்லித்தான் திருப்புவார்கள். கிழவர் முனகக்கூட இல்லை.

"மாடத்தி யார்?" என்றார் குரு.

"யாரா? இந்தப் பிடிக்குப் பேர் அதுதானே, சாமி."

"அட நல்லவனே! அவள் புருஷன் இதே மூலையில்தான் கிடந்தான். அப்போதெல்லாம் நாங்கள் காலைப் பிடித்து இழுத்துத் திருப்புவோம். தோல் உரிந்து புண்ணாகிவிடும். 'தள்ளுங்க சாமி' என்று என்னை விலக்கிவிட்டு, இப்படிக் கை கொடுத்துத் திருப்பினாள். புருஷன் எழுந்து நடந்த பிறகும் இங்கேயே தங்கி, எங்கள் எல்லோருக்கும் பழக்கிக் கொடுத்தாள்." குரு நிமிர்ந்து நின்றார். "அவள் கையில் படித்தவன்டா நான்!"

கூத்தனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் வாய் ஓயாமல் சொன்ன பேர். ஒரு நாளாவது யாரென்று கேட்டிருக்கலாம்.

"சாமி, ராஜா வருவதற்குள் அந்த அம்மா பேரை வெட்ட வேறு கல்லுக்கு எங்கே போவேன்?"

"இந்தக் கல்லுக்கு மறுபக்கம் இல்லையா? புரட்டு."

"ஐயையோ, அது மலை மாதிரி கனக்கிறதே! எப்படிப் புரட்ட?"

"ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில்" என்றார் குரு. "அவள் பேரைச் சொல்லிப் புரட்டு."