பிலோமினா வாங்கிய கடல்மணல்

கடலைத் தூர்த்துத் துறைமுகம் கட்ட வந்த பெரிய இன்ஜினியர், மண்ணுக்காகக் கழுகுக்குன்றை உடைக்கச் சொல்லிவிட்டார். படகுகளுக்குக் கரை காட்டும் குன்று அது. ஆப்பம் விற்கும் பிலோமினா போய்க் கெஞ்சினாள்.

"அவ்வளவு மண்ணுக்கு நான் எங்கே போறது? நீ தர்றியா?"

"கப்பல் வர்றதுக்குக் கடலடியைத் தோண்டுறீங்களே சார், அந்த மணலு?"

"தூரக் கொண்டுபோய்க் கொட்டுவோம். வேணும்னா எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எடுத்துக்கிட்டேன் சார். குன்றுக்குப் பதிலா அதை உங்களுக்கே தர்றேன். இங்கேயே கொட்டிக்குங்க."

சிரித்தவர்கள் இப்போது இன்ஜினியரைப் பார்த்தார்கள்.

மறுமாதம் ராட்சதக் குழாய் கடலின் வயிற்றிலிருந்து மணலை உமிழ்ந்தது. அலை புரண்ட இடத்தில், சங்குகள் மின்ன, தரை எழுந்தது. இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் கால்வைத்தார். பிலோமினா வாய்பிளந்து நின்றாள். தூரத்தில், குன்றைக் குறிபார்த்து அவள் புருஷனின் படகு வந்துகொண்டிருந்தது.