ராணி கொண்டுவந்த கிணற்று மீன்கள்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே செங்கழனி நாட்டை மருதவாணன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. கடைசியாக யார் காதைக் கடிக்கிறார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அரண்மனைக் கிணற்றில் கொஞ்சம் கெண்டை மீன்கள் இருந்தன. ராணி பூங்கோதை கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்து விட்டவை. அவள் ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் சீரோடு கிணற்று மீனும் அனுப்புவார்கள். தினமும் மீன்களுக்கு ஒரு பிடி சோறு போட்டுவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருவாள்.

சபையில் அம்பலவாண நாவலர் என்றொருவர். நிகண்டைத் தலைகீழாகச் சொல்வார். மந்திரி சாத்தையனை ராஜா பக்கத்தில் உட்காரவைத்திருப்பது அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ராஜா, "துப்புரவு, துப்புரவு என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு என்னய்யா பொருள்?" என்று கேட்டார்.

மந்திரி வாயைத் திறப்பதற்குள் நாவலர் எழுந்துவிட்டார். "துப்பு என்றால் தூய்மை, அரசே. உயிருள்ளது எதுவும் அண்டாத நிலைதான் துப்புரவு. நம் கிணற்றையே பாருங்கள். தாங்கள் குடிப்பது மீன் கழுவிய தண்ணீர்."

ராஜா பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். மீனையெல்லாம் பிடித்து வெளியே போடச் சொல்லி அப்போதே உத்தரவு போட்டார்.

சேதி ராணிக்குப் போயிற்று. அவள் அழவில்லை, மூட்டை கட்ட ஆரம்பித்தாள். "என் வீட்டு மீனுக்கு இடமில்லாத இடத்தில் எனக்கு மட்டும் என்ன வேலை? நான் கிளம்புகிறேன்" என்றாள். ராஜா கெஞ்சினார். சபையில் போட்ட உத்தரவை மாற்றவோ கௌரவம் விடவில்லை. மந்திரியிடம் ஓடினார்.

"சாத்தையா, நீர்தான் என் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும்."

மந்திரி ராணியிடம் போனார். "தாயே, அமாவாசை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். மீன்கள் என் பொறுப்பு."

பிறகு நந்தவனத்தில் இரண்டு கல்தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, இரண்டிலும் ஒரே ஆற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஒன்றில் கெண்டைகளை விட்டார். மற்றொன்றைக் காட்டி, "நாவலரே, இது உம்முடைய துப்புரவு. உயிர் எதுவும் அண்டாமல் நீரே காவல் இரும்" என்றார்.

நாவலர் பனையோலை விசிறியோடு உட்கார்ந்துவிட்டார். காக்கையை விரட்டினார், அணிலை விரட்டினார். பொழுது சாய்ந்ததும் வந்து உட்கார்ந்த கொசுவை யார் கண்டார்கள்? தொட்டிக்குள் குனிந்து பார்க்க வேண்டுமென்று அந்தப் பெரிய மனுஷருக்குத் தோன்றவேயில்லை.

அமாவாசை வந்தது. உச்சி வெயிலில் ராஜா வந்தார். ராணியும் மூட்டையும் கையுமாக வந்து நின்றாள்.

"வெயிலில் காய்ந்துபோனீர் நாவலரே, முதலில் தாகத்துக்குக் குடியும். எந்தத் தொட்டி என்பது உம் இஷ்டம்" என்று மந்திரி ஒரு செம்பை நீட்டினார்.

நாவலர் தன் தொட்டியில் பெருமையாக மொண்டார். செம்பு நிறையக் கொசுப்புழு நெளிந்தது. தொண்டையோ வறண்டு கிடந்தது. அப்படியே கொட்டிவிட்டு, மீன் தொட்டியில் மொண்டு மடமடவென்று குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

"தீர்ப்பு நாவலருடையதுதான்" என்றார் மந்திரி. "உயிரே இல்லாததுதான் துப்புரவு என்றால், அரசே, நம் நாட்டில் சுடுகாடுதான் துப்புரவான இடம். பழைய நூல்களில் நாம் உண்டு அனுபவிக்கிற பொருளுக்கும் துப்புரவு என்றே பேர். வாழ்கிறவர்களுக்கு ஆகாத சுத்தம் யாருக்கு? புழுவைத் தின்று தங்கள் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தவை இந்த மீன்கள்தான்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கைக்கடகத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மீன்களைக் குடத்தில் ஏந்திப் போய்த் தானே கிணற்றில் விட்டார். "இத்தனை வருஷமாக நல்ல தண்ணீர் கொடுத்தீர்கள். ஒருநாள்கூட உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. என்னை மன்னிக்க வேண்டும்" என்றார். பேச்சு கிணற்றுக்குள், பார்வை ராணி மேல்.

ராணி மூட்டையைக் கீழே வைத்தாள். "சரி, சரி. பாவம், அதுகள் பசியோடு இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து ராஜா ஒரு பிடி சோற்றைக் கிணற்றில் போடாமல் இலை முன்னால் உட்கார்ந்ததில்லை. பின்னாலேயே சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது நாவலர் வேலை.