வேலியான காவலனும் இடம் சுற்றிய அவரையும்

எந்தக் கரையை உரசி ஓடுவது என்று காவிரி இன்னும் முடிவு செய்யாதிருந்த முன்னொரு காலத்தில், பெரியோரே, சிறியோரே, செம்மணல் நாட்டு அரசனின் பூந்தோட்டத்தை ஆதன் என்பவன் காவல் காத்துவந்தான். அவன் மனைவி வஞ்சி.

ஒரு சித்திரை மாதத்தில் காலகண்டன் என்னும் மந்திரவாதி, அரசியின் வெள்ளை மயிலைத் திருட வந்தான். ஆதன் இரு கைகளையும் விரித்து வழிமறித்தான்.

"வேலியைப் போலக் குறுக்கே நிற்கிறாயே, வேலியாகவே நில்" என்று சொல்லி, மந்திரவாதி தன் கோலைத் தரையில் ஊன்றினான். அக்கணமே ஆதன் மூங்கில் வேலியாகித் தோட்டத்தைச் சுற்றி நின்றான். ஊன்றிய கோல், எல்லாக் கழிகளையும் விட உயரமாய், எண்ணெய் பூசியதுபோல் வழுவழுப்பாய், அவ்வேலியின் மூலையில் நின்றது. மந்திரவாதிக்கும் உள்ளே நுழைய வழியில்லாமற்போயிற்று. மயில் தப்பியது.

வஞ்சி ஓடிவந்து கெஞ்சினாள். தன் கோலின் உச்சியில் ஒரு கொடி ஏறிப் பூத்தால் ஆதன் எழுந்து வருவான் என்றும், தை பிறக்கும் வரைதான் தவணை என்றும், அதன்பின் அவன் கரையானுக்கு இரை என்றும் சொல்லிவிட்டு மந்திரவாதி போய்விட்டான்.

அவ்வேலியில் பேசத் தெரிந்த ஓணான் ஒன்று குடியேறியிருந்தது. விரைவாகப் படரும் சுரையை நடலாமா என்று வஞ்சி அதனிடம் கேட்டாள். ஓணான் தலையாட்டியது. நட்டாள். நீர் வார்த்தாள், நெஞ்சார வேண்டினாள், காலையில் வந்து பார்த்தாள். சுரை படர்ந்தது, கோலின் உச்சியை எட்டுமுன்பே காய்த்தது. காயின் கனம் தாங்காமல் மூங்கில் முனகியது. அது கணவனின் முனகல் அல்லவா? கொடியை இறக்கித் தரையில் படரவிட்டாள்.

கனமில்லாத தூதுவளையை நடலாமா என்று கேட்டாள். ஓணான் தலையாட்டியது. நட்டாள். நீர் வார்த்தாள், நெஞ்சார வேண்டினாள், காலையில் வந்து பார்த்தாள். முள் பட்ட இடமெல்லாம் மூங்கில் கசிந்தது. அதையும் அகற்றினாள்.

"எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறீரே, ஓணானாரே, இது நியாயமா?" என்றாள் வஞ்சி.

"தலையாட்டுவது எங்கள் குலவழக்கம், அம்மா. அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. நான் அசையாதிருந்து சொல்வதை மட்டும் கேளுங்கள்" என்றது ஓணான். பிறகு அசையாதிருந்து, "அவரை" என்றது.

ஆடியில் அவரை விதைத்தாள். கொடி வளர்ந்ததும் அதைக் கோலில் சுற்றிவிட்டாள். கோயிலை வலம் வந்து பழகியவள் அவள். நல்ல காரியத்தை வலமாகத்தானே தொடங்க வேண்டும்? ஆகவே வலமாகவே சுற்றினாள். நீர் வார்த்தாள், நெஞ்சார வேண்டினாள், காலையில் வந்து பார்த்தாள். கொடி அவிழ்ந்து தரையில் கிடந்தது. மீண்டும் சுற்றினாள், மீண்டும் அவிழ்ந்தது. மந்திரவாதியின் வேலைதான் இது என்று எண்ணி, அவனைத் திட்டித் திட்டியே ஐப்பசியைக் கழித்தாள். ஒருநாள் வேலியில் சாய்ந்து அழுதேவிட்டாள்.

ஓணான் தலையாட்டுவதை நிறுத்தியது.

"மந்திரவாதி இந்தப் பக்கமே வரவில்லை, அம்மா. அவிழ்வது கொடியேதான். நாள் முழுதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் நுனி இடமாகத்தான் திரும்புகிறது."

"கணவனை மீட்கும் காரியத்தில் இடம் சுற்றுவதா?"

"கோயிலுக்கு உங்கள் வழி. அவரைக்கு அதன் வழி."

வஞ்சி தயங்கினாள். பிறகு கொடியைக் கோலில் இடமாகச் சாய்த்து, வாழைநாரால் நெகிழக் கட்டி, கையை எடுத்துக்கொண்டாள். காலையில் வந்து பார்த்தாள். கொடி ஒரு சுற்று ஏறியிருந்தது. வழுவழுத்த கோலை இறுகப் பற்றியிருந்தது.

மார்கழியின் கடைசி விடியலில் மந்திரவாதி வந்தான். கோலின் உச்சியைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் கேட்டது பூ. இது மொட்டு" என்று சொல்லிக் கோலைப் பிடுங்க முயன்றான். கோல் அசையவில்லை, அடிமுதல் நுனிவரை அவரை அதைச் சுற்றி வேலியோடு பிணைத்திருந்தது. அவன் இழுத்து இழுத்து வியர்த்துக்கொண்டிருக்கையில் கதிரவன் எழுந்தான். உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு பூ மலர்ந்தது.

கோல் இரண்டாகப் பிளந்தது. மூங்கில்கள் கையாயின, காலாயின, ஆதனாயின. அவன் சோம்பல் முறித்து, "மயில் பத்திரமா?" என்று கேட்டான். வஞ்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நீ வார்த்த நீர் ஒவ்வொரு நாளும் என்னைக் குளிர்வித்தது, வஞ்சி. அதைச் சொல்ல வாயில்லாமல் நின்றேன்" என்றான் ஆதன்.

கோலை இழந்த காலகண்டன் வெறும் கிழவனாகப் பசியோடு நின்றான். வஞ்சி அவனுக்கும் சோறிட்டாள். அரசன் அவர்களுக்கு அத்தோட்டத்திலேயே வீடு கட்டித் தந்தான். ஆதன் தன் கையாலேயே புதுவேலி அமைத்தான். அதில் வெயில் விழும் கழியொன்றை ஓணானுக்கென ஒதுக்கி, இருவரும் கைகூப்பி, "இதை ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றார்கள்.

ஓணான் தலையாட்டியது. அன்று ஒருநாள் மட்டும் அதற்குச் சம்மதம் என்றே பொருள்.

அன்றுபோலவே இன்றும் அவரை இடமாகவே சுற்றுகிறது. நம்பாதவர்கள் வரும் ஆடியில் ஒரு விதை ஊன்றிப் பாருங்கள்.