மொழுக்கனின் ஊமைச் சிறகு

ராஜாக்கள் பிறப்பதற்கும் முன்னால், ஒரு மலையடிச் சோளக்காட்டில் சில்வண்டுகள் வாழ்ந்தன. கேளுங்கள், சின்னக் கதைதான், இழுக்க மாட்டேன்.

பொழுது சாயும்போது அங்கே ஆண் வண்டு ஒவ்வொன்றும் ஒரு கல்மேல் ஏறும். சொரசொரப்பான சிறகுகளை ஒன்றோடொன்று உரசிப் பாடும். அதைக் கேட்டுப் பெண் வண்டு தேடி வரும். பாட்டு இல்லையென்றால் துணை இல்லை. அவ்வளவுதான்.

மொழுக்கன் என்று ஒருவன் இருந்தான். சிறகு முளைத்தபோதே அது வழவழவென்று இருந்தது. உரசிப் பார்த்தான், சத்தம் வரவில்லை. அழுத்தி உரசினான், வரவில்லை. சிறகு கிழிகிற மாதிரி உரசினான், அப்போதும் வரவில்லை.

பக்கத்துக் கல்லில் கணீரன். காட்டிலேயே பெரிய பாட்டுக்காரன். "டேய் ஊமை, இன்னிக்குக் கச்சேரி உண்டா?" என்று தினமும் கேட்பான். ஆனாலும் மொழுக்கன் அவன் கல்லோரத்தில்தான் உட்கார்ந்திருப்பான். வேறு எங்கே போவது?

ஒரு மழைக்காலத்தில் மலைக்குகைக்கு ஒரு வௌவால் வந்து சேர்ந்தது. பெரிய காது. பாட்டு கேட்கிற இடத்தில் நேராக இறங்கிப் பாடுகிறவனைக் கவ்விக்கொண்டு போகும்.

வண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் செத்தால் மற்றவர்கள் அவனுக்காக இன்னும் உரக்கப் பாட வேண்டும். பாடினார்கள். வௌவால் வந்தது. இன்னும் உரக்கப் பாடினார்கள். மறுபடி வந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்," என்றான் மொழுக்கன்.

"பாட வராதவன் பேசாதே. செத்தவனுக்கு மரியாதை வேணாமா?" என்று சொல்லிவிட்டுக் கணீரன் தொடங்கினான். மேலே ஒரு நிழல். பாட்டு பாதியில் அறுந்தது.

அந்தப் பாட்டைத் தேடிச் செம்பி என்ற பெண் வண்டு வந்துகொண்டிருந்தாள். வந்து பார்த்தால் கல் காலி. ஓரத்தில் மொழுக்கன்.

"பாடினது நீயா?"

ஆமாம் என்றால் நின்றுவிடுவாள். அது அவனுக்குத் தெரியும்.

"இல்ல. பாடினவன் போயிட்டான். எனக்குப் பாட வராது."

"அப்ப இங்க எதுக்கு உட்கார்ந்திருக்க?"

"கேக்கறதுக்கு."

செம்பி நாலு பக்கமும் காது கொடுத்தாள். எங்கும் வேறு பாட்டே இல்லை, பாடினவர்கள் எல்லாரும் வௌவால் வாயில் போயிருந்தார்கள். "சரி, தள்ளி உட்காரு," என்றாள்.

அவர்கள் பிள்ளைகளில் சிலருக்குச் சொரசொரச் சிறகு, சிலருக்கு அப்பனின் வழவழச் சிறகு. சொரசொரப்பானவர்கள் பாடினார்கள், போனார்கள். மற்றவர்கள் மிஞ்சினார்கள், பிள்ளை பெற்றார்கள். பேரப்பிள்ளைகளிலும் அப்படியே. கொள்ளுப்பேரன்கள் காலத்தில் காடே ஊமை. யாருடைய சிறகும் மாறவில்லை, கூட்டம்தான் மாறிப்போனது.

சில்வண்டு அத்தனை காலம் வாழுமா என்று கேட்காதீர்கள். மொழுக்கன் வாழ்ந்தான். செம்பி இல்லை.

"நாங்க கெட்டிக்காரங்க தாத்தா, அதான் பிழைச்சோம்," என்றான் ஒரு கொள்ளுப்பேரன்.

"கெட்டிக்காரத்தனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாட வந்திருந்தா நானும் பாடித்தான் செத்திருப்பேன். அந்த வௌவால் இந்தக் காட்டை விட்டுப் போகட்டும், அப்புறம் பாடறவனைத் தேடித்தான் பொண்ணுங்க போவாங்க. நீ கல்லோரத்துல உட்கார்ந்திருப்ப."

அன்று பொழுது சாய்ந்தபோது மொழுக்கன் கணீரனின் கல்மேல் ஏறினான். வழவழச் சிறகை உரசினான். கச்சேரி உண்டா என்று கேட்க யாரும் இல்லை.

மிஞ்சியவன் உயர்ந்தவனும் இல்லை, போனவன் தாழ்ந்தவனும் இல்லை. அந்தந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியதே மிஞ்சும்.