மூன்று ஓலையும் ஒரு ஜோடிச் செருப்பும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிடுவார். சொன்னதை அடுத்த கவளம் இறங்குவதற்குள் மறந்தும்விடுவார்.

அவருக்கு மூன்று ராணிகள், ஆளுக்கொரு பிள்ளை. அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு. ஒன்று மண்டபத்தில், ஒன்று மாந்தோப்பில், ஒன்று குதிரை லாயத்துக்குப் பக்கத்தில். வகுப்புக்கு ஒரு இளவரசன். தமிழுக்கு ஒரு புலவர், கணக்குக்கு ஒரு வாத்தியார், வில்லுக்குத் திருமேனி வாத்தியார். இந்த மூன்று பேரும்தான் மூன்று வகுப்புக்கும் மாறி மாறிப் போகவேண்டும். எந்த வேளையில் யார் எங்கே என்று எழுதிக் கொடுப்பவர் அரண்மனை ஓலைநாயகம் வில்வபதி. வேளை மாறும்போது மணி அடிப்பவர் சடையாண்டி. அடியில் துளை போட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கியதும் ஓங்கி ஒரு அடி. அதுதான் அவர் உத்தியோகம்.

சடையாண்டிக்கு எழுத்து தெரியாது. மறதியும் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலன்று வில்வபதி தன்னைச் சபை நடுவே "தற்குறி" என்று கூப்பிட்டதும், அப்போது யார் யார் சிரித்தார்கள் என்பதும், அதில் யாருக்குப் பல் விழுந்திருந்தது என்பதும்கூட அவருக்கு அப்படியே நினைவிருந்தது. அந்தப் பொங்கலையும் சேர்த்து வில்வபதி இதுவரை பதினோரு தடவை அப்படிக் கூப்பிட்டிருந்ததும் அவர் கணக்கில் இருந்தது.

ஒருநாள் மூத்த ராணி வந்து, "என் பிள்ளைக்கு முதல் மணிக்கு வில் பாடம் வேண்டும். காலையில்தான் கை நடுங்காது" என்றாள்.

"ஆகட்டும்" என்றார் ராஜா.

அடுத்து நடு ராணி வந்தாள். பிறகு இளைய ராணி வந்தாள். கேட்டது ஒன்றே, கிடைத்த பதிலும் ஒன்றே.

ஒரு வாத்தியார் எப்படி மூன்று இடத்தில் நிற்பார் என்று ராஜாவிடம் கேட்க வில்வபதிக்குத் துணிச்சல் இல்லை. வகுப்புக்கு ஒன்றாக மூன்று ஓலை எழுதினார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. மூன்றிலும் முதல் மணிக்கு வில். மூன்றையும் சேர்த்துவைத்து ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் மணி அடித்தது. திருமேனி வாத்தியார் மண்டபத்துக்கு ஓடினார், தோப்புக்கு ஓடினார், லாயத்துக்கு ஓடினார். புலவரும் கணக்கு வாத்தியாரும் வேலையில்லாமல் மரத்தடியில் தாயம் உருட்டினார்கள். வாத்தியார் இல்லாத நேரம் பார்த்து லாயத்து வகுப்பிலிருந்து ஒரு அம்பு கிளம்பியது. மாடத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த ராஜாவின் கையிலிருந்த இளநீரில் போய்க் குத்தி நின்றது.

சபை கூடியது. வில்வபதி முந்திக்கொண்டார்.

"பிரபு, என் ஓலையில் ஒரு சுழி பிசகில்லை. மணிதான் பிசகு. இந்தத் தற்குறி கிண்ணத்துக்கு முன்னால் தூங்கியிருப்பான்."

"அப்படியா? நாளை மாலைக்குள் இவன் நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்றார் ராஜா. சட்டை நனைந்த கோபம் அவருக்கு.

சடையாண்டிக்கு அறுபத்திரண்டு வயது. போக வேறு ஊரும் கிடையாது. பன்னிரண்டாவது தடவையாகத் தற்குறி என்றதை மட்டும் மனசுக்குள் முடிந்துகொண்டு கும்பிட்டார்.

"போகிறேன் மகாராஜா. நாளைக் காலை கிண்ணத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் மணி அடிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுதல். முதல் மணிக்கு மட்டும் திருமேனி வாத்தியாருக்குப் பதிலாக ஓலைநாயகம் ஐயா போகட்டும். ஐயா எழுதிய ஓலைப்படி ஐயாவே நின்று காட்டினால், நான் வாங்குகிற தண்டனைக்கு ஒரு நியாயம் இருக்கும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்!" என்றார்.

மறுநாள் மூன்று ராணிகளும் மாடத்துக்கு வந்துவிட்டார்கள். மணி அடித்தது. வில்வபதி மண்டபத்தில் கால் வைத்தார்.

"எங்கே ஓலைநாயகம்? தோப்பில் என் பிள்ளை காத்திருக்கிறான்!" என்றாள் நடு ராணி.

தோப்புக்கு ஓடினார். "லாயத்தில் யாரையும் காணோமே!" என்றாள் இளையவள். லாயத்துக்கு ஓடினார். "மண்டபத்தை விட்டு ஏன் போனீர்?" என்றாள் மூத்தவள். மூன்றாவது சுற்றில் சால்வை விழுந்தது. நான்காவது சுற்றில் தொந்தி முன்னே போக, ஓலைநாயகம் பின்னே போனார். முற்றத்து நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வில்வபதி, இப்போது நீர் எங்கே இருக்கவேண்டும்?" என்று மேலிருந்து கேட்டார் ராஜா.

"பிரபு... மூன்று இடத்திலும்" என்றார் வில்வபதி, மூச்சு வாங்கிக்கொண்டே.

ராஜா சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று ராணிகளும் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டார். "சடையாண்டி, வாக்குக் கொடுத்தது நானாயிற்றே. இப்போது என்ன செய்வது?" என்று மெதுவாகக் கேட்டார்.

சடையாண்டி திருமேனி வாத்தியாரின் செருப்பைக் கழற்றச் சொல்லி வாங்கி, மண்டபத்து வாசலில் வைத்தார். புலவர் செருப்பைத் தோப்பிலும், கணக்கு வாத்தியார் செருப்பை லாயத்திலும் வைத்தார்.

"ஒரு ஜோடிச் செருப்பு ஓரிடத்தில்தான் கிடக்கும் மகாராஜா. செருப்பு எங்கேயோ, வாத்தியார் அங்கே. மணி அடித்தால் செருப்பு அடுத்த வகுப்புக்கு நகரட்டும். இன்றைக்கு முதல் மணி மண்டபத்தில் வில், நாளைக்குத் தோப்பில், நாளை மறுநாள் லாயத்தில். முதல் மணிக்கு வில் என்றுதானே மகாராஜா வாக்குக் கொடுத்தீர்கள்? தினமும் என்று ராணியம்மாமார் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை."

ராணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்காமல் விட்டது உண்மைதான்.

ராஜாவுக்கு உயிர் வந்தது. "தண்டனை ரத்து! என்ன வேண்டும், கேள்!"

"நான் எழுத்து தெரியாதவன்" என்றார் சடையாண்டி. "தினமும் விடிந்ததும் ஓலைநாயகம் ஐயா மூன்று ஓலையையும் என் மணிக் கூண்டுக்குக் கொண்டுவந்து, நின்றுகொண்டே படித்துக் காட்டினால் போதும். எங்கே இடிக்கிறது என்று எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. இந்த ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை.

அன்றுமுதல் கொன்றைநாட்டுப் பள்ளியில் ஒரு வகுப்பும் வாத்தியார் இல்லாமல் கிடக்கவில்லை. விடிந்தால் வில்வபதி கூண்டடியில் நின்று மூன்று ஓலையையும் சத்தமாகப் படிப்பார். சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்பார்.

பிறகு, "காது கொஞ்சம் மந்தம் ஐயா. முதலிலிருந்து இன்னொரு தடவை" என்பார்.

பன்னிரண்டு நாள் அப்படிக் கேட்டார். பதின்மூன்றாம் நாளிலிருந்து ஒரே தடவையில் காது கேட்டது.